காகிதத்தில் பேரில்லாதவர்கள்

எங்க அய்யா கைநாட்டு வைத்த புரோநோட்டில் அன்றைக்கு ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. அதன்மேல் அய்யாவின் பெருவிரல் மை. அவ்வளவுதான். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன். நான் அப்போது எட்டாம் வகுப்பு, கூடப் போயிருந்தேன். அய்யா பணிவாகத்தான் கேட்டார்: “தொகைய எழுதிட்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளா மொதலாளி?” சேரில் இருந்தவர் சிரித்தார். “ஏலே, கைநாட்டு வைக்கவனுக்கு வாசிப்பு எதுக்குலே?”

பிறகு அந்தத் தாளில் ஏறிய தொகை, நாங்கள் வாங்கியதைப் போல மூன்று மடங்கு. வழக்கில் தோற்றோம். ஆள் பேரும் ஊர்ப் பேரும் இங்கே வேண்டாம். இந்தக் கதை நடக்காத சேரி தாமிரபரணிக் கரையில் ஒன்று இருந்தால் யாராவது காட்டட்டும்.

பின்னால் நான் சட்டம் படிக்கப் போனேன். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைப் பிரித்தபோது அய்யாவின் பெருவிரல் அங்கே கிடந்தது. பிரிவு 20 சொல்கிறது: ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை வைத்திருப்பவர் அந்த ஸ்டாம்பு தாங்குகிற தொகை வரைக்கும் நிரப்பிக்கொள்ளலாம். பிரிவு 118 சொல்கிறது: அந்தத் தாளுக்குப் பிரதிபிரயோசனம், அதாவது பதிலுக்குப் பணமோ பொருளோ, கைமாறியிருக்கிறது என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். மாறாக நிரூபிக்கிற வரைக்கும்.

மாறாக நிரூபிக்கிற வரைக்கும்! இந்த ஒரு வரியில்தான் எங்களுக்கான வாசல் இருந்தது. அதைச் சொல்ல அன்றைக்கு எங்களுக்கு ஆளில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நம் தோழர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிற தோழர்கள் உண்டு. சொல்ல வேண்டியதுதான், ரத்தம் கொடுத்து வாங்கிய சட்டம் அது. ஆனால் ஒப்பந்தச் சட்டம், குத்தகை, கம்பெனிச் சட்டம் என்று பேச்செடுத்தால், “அதெல்லாம் செட்டி முதலாளி சமாச்சாரம், நமக்கு எதுக்குத் தோழர்?” என்கிறார்கள். நமக்குக் கடையில்லை, மில்லில்லை, தோட்டமில்லை, எனவே வணிகச் சட்டமும் தேவையில்லையாம். வெட்டுப்படுகிற ஆடு கத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிற மாதிரியான பேச்சு இது.

இப்படிப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் மாணவர்களுக்கு நடத்திய பாடம் எது? வணிகச் சட்டம். அதற்கும் முன்னால், லண்டனிலிருந்து திரும்பிய புதிதில், பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆள் யார், என்ன சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். யாரும் யாரோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிற சுதந்திரத்துக்கு இந்த நாட்டில் சாதி எல்லை கட்டியிருக்கிறது என்பதைத் தன் தொழிலில் பட்டு அறிந்தவர், அந்தச் சட்டத்தையே பாடமாகவும் நடத்தினார். அவருக்குத் தேவைப்பட்டது நமக்குத் தேவையில்லையா?

இந்தச் சொற்களை மாஞ்சோலையில் வைத்துப் படித்துப் பார்ப்போம். இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் நெல்லைச் சீமையில் கிடையாது.

தரப்பு

ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். தரப்பு இல்லாதவன் அந்த ஒப்பந்தத்தின் பேரில் பொதுவாக வழக்குப் போட முடியாது. இதுதான் முதல் பாடம்.

1929ல் சிங்கம்பட்டி ஜமீன் மேற்குத்தொடர்ச்சி மலையில் தன் வசம் இருந்த காட்டில் 8,373 ஏக்கரை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீனுக்கு என்ன பணமுடை என்று ஊரில் பல கதை சொல்வார்கள், அது நமக்கு வேண்டாம். காகிதத்தில் இரண்டு தரப்பு: ஜமீன், கம்பெனி. அந்தக் காட்டை வெட்டி, அட்டைக்கடிக்கும் குளிருக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலையும் காப்பியுமாக ஆக்கியவர்கள் யார்? சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணி மூலமாகக் கொண்டுபோகப்பட்ட சனங்கள். பெரும்பாலும் தலித்துகள். அவர்கள் பேர் அந்தக் காகிதத்தில் இல்லை.

வெள்ளைக்காரன் போனான். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952ல் சிங்கம்பட்டி ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது. ஜமீன் இருந்த நாற்காலியில் அரசு உட்கார்ந்தது. குத்தகை அப்படியே தொடர்ந்தது. உழுதவனுக்கு நிலம் என்று கீழே மேடைபோட்டு முழங்கிய காலத்தில், மலையில் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. இப்போதும் காகிதத்தில் இரண்டே தரப்பு: அரசு, கம்பெனி. கூலி ஒப்பந்தங்களில் தொழிற்சங்கம் கையெழுத்துப் போட்டதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தைப் பற்றிய எந்தப் பத்திரத்திலும் அதில் உழைத்தவர்கள் ஒரு தரப்பாக இருந்ததில்லை.

ஆள்

இரண்டாவது பாடம்: சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு ஆள். பங்குதாரர் வேறு, கம்பெனி வேறு. 1896ல் லண்டனில் சாலமன் என்கிற தோல் பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. கம்பெனிக்குச் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். அதற்குச் சாவு கிடையாது. பங்குதாரர்கள் செத்தாலும் மாறினாலும் அது இருக்கும். கம்பெனி நொடித்துப்போனால் பங்குதாரர் தான் போட்ட பங்குப் பணத்தோடு தப்பித்துக்கொள்ளலாம், வீட்டை விற்கவேண்டியதில்லை. இதுதான் வரையறுக்கப்பட்ட பொறுப்பு. ‘லிமிடெட்’ என்று பேருக்குப் பின்னால் வருவதன் அர்த்தம் இதுவே.

அந்த பம்பாய் பர்மா கம்பெனியையே பாருங்கள். 1863ல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கியது. இன்றைக்கு வாடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. ராஜா போனார், ராணி போனார், ஜமீன் போனது, கம்பெனி இருக்கிறது.

கோயில் சிலையும் சட்டப்படி ஒரு ஆள்தான், அதன் பேரில் வயலும் தோப்பும் உண்டு. 1925ல் பிரிவி கவுன்சில் அதைத் தெளிவாகச் சொன்னது. கல்லை ஆள் என்றும் காகிதத்தை ஆள் என்றும் ஒத்துக்கொண்ட அதே காலத்தில், அந்தக் கல் நிற்கிற கோயிலுக்குள் சேரி ஆள் நுழைய முடியாது. மதராஸ் மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் வந்ததே 1939ல்தான். யார் ஆள், யார் ஆளில்லை என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. சட்டத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒப்பந்த மீறல்

ஒப்பந்தத்தை மீறினால் என்ன தண்டனை? கல்லூரியில் சொல்லித்தருவார்கள்: அது சிவில் விவகாரம், நஷ்டஈடு கொடுத்தால் போதும், ஜெயில் கிடையாது. உண்மைதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 73ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டு முந்திய சட்டம் ஒன்றைப் பலரும் நடத்துவதில்லை. 1859ல் வந்தது, தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய கூலி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவனை வேலைக்குப் போ என்று உத்தரவிடலாம். மீறினால் சிறை. வியாபாரி மீறினால் கணக்கு, கூலி மீறினால் குற்றம். இந்தச் சட்டம் ஒழிந்தது 1925ல். மாஞ்சோலைக் குத்தகைக்கு நாலே வருஷம் முன்னால்.

மறுபக்கம் பாருங்கள். 1885ல் பர்மாவில், அரசரிடம் உரிமம் வாங்கித் தேக்கு வெட்டிய இதே பம்பாய் பர்மா கம்பெனி வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று மண்டலே அரசவை அபராதம் போட்டது. கம்பெனி மறுத்தது. அந்தத் தகராறைச் சாக்காக வைத்து வெள்ளை அரசு படையெடுத்தது. மூன்றாம் ஆங்கில பர்மியப் போர் என்று சரித்திரத்தில் படிக்கிறோமே, அது. திபா அரசரை ரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். ஆக, முன்பணத்தை மீறினான் என்றால் கூலிக்குச் சிறை. கம்பெனி மீறியது என்று சொன்ன ராஜாவுக்கு நாடே போச்சு. சட்டப்புத்தகத்தில் இரண்டுக்கும் பேர் ஒன்றுதான்.

1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது, அதன் புத்தி ஒழியவில்லை. 1999ல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு. ஒப்பந்தச் சட்டத்தின் பாஷையில் சொன்னால், உழைப்புக்கான பிரதிபிரயோசனத்தை உயர்த்து என்றார்கள். சுத்தமான வணிகப் பேச்சு. அதற்காகப் போராடிய 652 பேரைத் திருச்சி சிறையில் அடைத்தார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரி 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸை நெருங்கும்போது போலீஸ் அடித்தது, சனங்கள் ஆற்றில் விழுந்தார்கள், ஆற்றுக்குள்ளும் அடி விழுந்தது. 17 பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை. கூலித் தகராறில் லத்தி எந்தப் பிரிவின் கீழ் வந்தது? ஒப்பந்தச் சட்டத்தில் தேடினேன், இல்லை. மனுவின் சட்டத்தில் இருக்கும்.

சுயசம்மதம்

கடைசிப் பாடம் இது. 2028 பிப்ரவரியில் முடிய வேண்டிய குத்தகை. அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே கம்பெனி தோட்டத்தை மூட முடிவெடுத்தது. 2024ல் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவம் கொடுக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கையெழுத்திட்டார்கள். பணத்தின் பெரும்பங்கு வீட்டைக் காலிசெய்த பிறகுதான்.

விருப்ப ஓய்வு! யாருடைய விருப்பம்? ஒப்பந்தச் சட்டம் 14ஆம் பிரிவு சுயசம்மதம் என்றால் என்ன என்று சொல்கிறது: மிரட்டல், மோசடி, தகாத செல்வாக்கு இவை இல்லாத சம்மதம். 16ஆம் பிரிவு தகாத செல்வாக்கை விளக்குகிறது: ஒருவர் மற்றவரின் மனத்தை அடக்கியாளும் இடத்தில் இருந்துகொண்டு, அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைவது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பேரம் அநியாயமானது என்று பார்வைக்கே தெரிந்தால், தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அந்த மேலிடத்துக்காரர்தான். இது நம் கைக்கு எட்டுகிற ஆயுதம். எங்க அய்யாவுக்கும் எட்டியிருக்கும்.

வேலையும் கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது. லைன் வீட்டில் மூன்று நான்கு தலைமுறை குடியிருந்தாலும் சட்டப்படி அது வாடகைக் குடித்தனம் ஆகாது. வேலையோடு ஒட்டிய வசதி அது. வேலை போனால் கூரையும் போகும். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு கொடுத்தாக வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. நல்லதுதான். அந்த நல்லதே கால்விலங்கும் ஆனது. சமவெளியில் சொந்தக் கூரை போட வழியில்லாத கூலி, மலையில் கம்பெனிக் கூரை. இந்த நிலையில் இருப்பவர் முன்னால் படிவத்தை நீட்டி “விருப்பம்” என்று எழுதுவது தமிழுக்குச் செய்கிற அவமானம். கையெழுத்து இருந்தது. சம்மதம் இருந்ததா என்று கேட்பதுதான் சட்டம் படித்தவன் வேலை.

வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. மறுவாழ்வு ஏற்பாடு ஆகும்வரை வெளியேற்றக் கூடாது என்று 2024 ஜூனில் இடைக்கால உத்தரவு வந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டு நீலகிரியிலும் வால்பாறையிலும் தோட்டம் நடத்துகிற அரசின் டான்டீ நிறுவனம் மாஞ்சோலையையும் எடுத்து நடத்தட்டும் என்பது தொழிலாளர் தரப்பின் கோரிக்கை. 2024 டிசம்பர் தீர்ப்பில் அது ஏற்கப்படவில்லை. அரசு சொன்ன மறுவாழ்வு உதவிகளைச் செய்துகொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. காடு காடாக வேண்டும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் முழுமையடைய வேண்டும் என்பது அரசின் வாதம்.

காட்டுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவைப் படியுங்கள். குத்தகை முடிந்தால், தேய்மானம் போக, நிலத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. காட்டைத் திருப்பிக் கேட்கிறீர்கள், கேளுங்கள். நாலு தலைமுறையின் முதுகெலும்பை வாங்கிய நிலையில் திருப்பித் தருவது யார்? அதற்குப் பிரிவு எங்கே?

1929ல் நிலத்தைக் கொடுத்த காகிதத்தில் அந்தச் சனங்கள் பேர் இல்லை. 1952ல் நிலம் கைமாறிய காகிதத்தில் இல்லை. 2024ல் மலையைவிட்டு இறங்கச் சொன்ன காகிதத்தில் மட்டும் ஒவ்வொருவர் பேரும் தனித்தனியாக, எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது.

தோழர்களே, இது மாஞ்சோலையோடு முடிகிற கதையில்லை. கீழே கங்கைகொண்டான் சிப்காட்டில் பெப்சி குளிர்பான ஆலைக்கு 36 ஏக்கர், அங்கும் 99 ஆண்டு. ஏக்கருக்கு வருஷ வாடகை ஒரு ரூபாய் என்ற விவரம் 2015ல் வெளியே வந்தது. ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கு 2017 மார்ச்சில் தள்ளுபடியானது. அந்த ஒப்பந்தத்தில் ஆற்றங்கரை விவசாயக் கூலி எந்தத் தரப்பு?

நமக்குச் சாதகமாக எழுதிய காகிதமும் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையின் பேரில் 1892ல் வந்த அரசாணை, பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனையை மீறி வாங்கியவனுக்கு அந்தப் பத்திரம் உரிமை தராது. அப்படியும் எத்தனை ஏக்கர் எத்தனை சாதி இந்துக்கள் கையில், ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரையோடு! அவர்களுக்கு எதிரான காகிதம் தூங்கும். நமக்கு எதிரான காகிதம் லத்தியோடு நடந்து வரும்.

சட்டம் படித்தால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நம்பியிருந்தால் இந்தப் பத்திரிகையில் எழுதமாட்டேன், கறுப்புக் கோட்டோடு காசு பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் படிக்காமல் விட்டதன் விலையை நம் சனங்கள் பெருவிரலால் கொடுத்திருக்கிறார்கள். 99 ஆண்டுக் குத்தகை 2028ல் முடியும் என்பது 1929லேயே எல்லோருக்கும் தெரிந்த தேதி. 1999ல் 17 உயிரைக் கொடுத்த பிறகாவது, முடிகிற அன்றைக்கு இந்தச் சனங்கள் எங்கே போவார்கள் என்று நாம் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டாமா? ஜூலை 23க்கு ஜூலை 23 ஆற்றில் மலர் தூவினோம். குத்தகைப் பத்திரத்தின் நகலை எத்தனை பேர் வாங்கிப் படித்தோம்? நானும் படிக்கவில்லை. இந்தக் குற்றச்சாட்டு என்மேலும்தான்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சேரிக்குப் போங்கள். கூட்டம் போட வேண்டாம், கொடி வேண்டாம். வீட்டில் இருக்கிற காகிதத்தையெல்லாம் எடுத்து வரச் சொல்லுங்கள். புரோநோட்டு நகல், சுயஉதவிக் குழுக் கடன் பத்திரம், பீடிக் கம்பெனி பாஸ் புக், மைக்ரோ பைனான்ஸ் அட்டை, ஒத்திப் பத்திரம். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே தரப்பு, எங்கே பிரதிபிரயோசனம், எங்கே கெடு என்று காட்டுங்கள். வெற்றுத் தாளில் கை வைக்காதே, வைக்க நேர்ந்தால் சாட்சி வை, நகல் வாங்கு, தனியாகக் கையெழுத்துப் போடாதே, பத்துப் பேராகச் சேர்ந்து போய் வாசிக்கச் சொல்லிக் கேள் என்று சொல்லுங்கள். பெரிய புரட்சி இல்லைதான். ஆனால் முதலாளிக்கு இதைவிட எரிச்சலூட்டுகிற காரியம் கிடையாது.

எங்க அய்யா அன்றைக்குக் கேட்டது சரியான கேள்வி. ஒரு ஆளாக நின்று கேட்டதால் சிரித்தார்கள். ஊரே நின்று கேட்கட்டும்: எழுதுனத வாசிச்சுக் காட்டு மொதலாளி, பெறவு கைநாட்டப் பத்திப் பேசுவோம்.